வெள்ளிக்கிழமை வாளிகள்

மயிலம்மாள் வந்து நின்றபோது நான் வாசலில் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தேன். பாலக்கரையில் காலை வேளையில் ஒரு பெண்பிள்ளை தலைவிரி கோலமாக ஓடி வந்தால் யாராவது செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இவள் அழவில்லை, கத்தினாள்.

"எம் புருஷனைக் கரி அறையில போட்டுப் பூட்டிட்டாங்க! சாயந்திரம் நோன்பு திறந்த கையோட போலீசுல ஒப்படைக்கப் போறாங்களாம்! இங்க துப்பு துலக்குற அம்மா ஒருத்தங்க இருக்காங்களாமே, அது நீயா?"

"எனக்கு மீசை இருக்கே தாயி, தெரியலையா? அம்மா உள்ள இருக்காங்க."

அம்மா என்றால் வியாகுலம்மாள். ஜெயிலில் பெண் கைதிகள் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து ஊரில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் இவர் கண்டுபிடித்துக் கொடுப்பார். நான் ராமர். வில்லை முறித்தவர் வேறே; நான் ஜட்கா ஓட்டுகிறவன். அம்மாவை ஏற்றிக்கொண்டு போவதும், வழியில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாடகைதான்.

மறுநாள் கிறிஸ்துமஸ். அம்மா அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். மயிலம்மாள் சொன்னதை முறுக்கு சிவக்கிற வரைக்கும் கேட்டார். பிறகு சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"வண்டியைக் கட்டு ராமரு. ராத்திரிப் பூசைக்கு நான் கோயில்ல இருக்கணும். அதுக்குள்ள இதை முடிச்சாகணும்."

"ஒரு டீ குடிச்சிட்டு..."

"நோன்பு மாசம். பாலக்கரையில உனக்குப் பகல்ல எவன் டீ போட்டு வச்சிருக்கான்? வண்டியைக் கட்டு."

அது உண்மைதான். அன்று ஆறாவது நோன்பு. நான் வழக்கமாகக் குடிக்கிற நசுருதீன் பாய் கடை ஆறு நாளாகப் பகலில் பூட்டிக் கிடந்தது. ஆறு நாளாக எனக்கு மண்டை இடி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷத்து மார்கழியை நான் மறக்காததற்கு இந்தத் தலைவலிதான் முதல் காரணம்.

அப்துல் ரஹீம் பாயின் வாளிப் பட்டறை நாலு தெரு தள்ளி இருந்தது. அங்கே நடக்கிற வேலை இதுதான். இரும்புத் தகட்டை வெட்டி வாளியாக வளைத்து ஆணி அடிப்பார்கள். வாளி துருப்பிடித்திருக்கும். அதைத் திராவகத் தொட்டியில் முக்கினால் துரு கரைந்து போகும். பிறகு உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் வெள்ளி மாதிரி பளபளப்பு. திராவகம் துருவை மட்டும் தின்றால் நல்லது. துருவைத் தின்றுவிட்டு இரும்பையும் தின்ன ஆரம்பித்தால் வாளி சல்லடை.

இப்போது தின்றுகொண்டிருந்தது.

"வாங்கம்மா, வாங்க," என்றார் அப்துல் ரஹீம். வயது ஐம்பதுக்கு மேல். நோன்பில் வாடின முகம், அதில் கோபம் வேறு. "பதினாலு வருஷம் எங்கிட்ட வேலை பாத்தவன்மா ஆண்டி. எம் புள்ளை மாதிரி வச்சிருந்தேன். நோன்பு வாயோட சொல்றேன், இதைச் சொல்ல எனக்கே வயிறு எரியுது. எவன்கிட்டயோ கைநீட்டி வாங்கிட்டு எந்தொட்டியில எதையோ கலந்துட்டான்!"

"பாத்தீங்களா?"

"பாத்தா உசிரோட விட்டிருப்பேனா?"

பக்கத்திலிருந்த பரக்கத் அலி முன்னால் வந்தார். இவர் முதலாளியின் மச்சான், பட்டறை மேனேஜர். எதையும் எழுதி வைத்துக்கொள்கிற ஆசாமி. காதிலே ஒரு பென்சில், பையிலே இரண்டு.

"நான் சொல்றேன். ஒவ்வொரு வாளிக்கும் அடியில புள்ளி குத்துவோம். சனிக்கிழமை செஞ்சதுக்கு ஒரு புள்ளி, ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு, இப்படிப் போய் வெள்ளிக்கிழமைக்கு ஏழு. போன மாசம் வரைக்கும் ஒழுகுதுன்னு புகார் வந்ததெல்லாம் ஏழு புள்ளி. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நாங்க எல்லாரும் பள்ளிவாசல் போயிடுவோம். தொட்டிகிட்ட ஆண்டி மட்டும்தான். இப்ப நோன்பு. மத்தியானத்துக்கு மேல எங்காளுங்க வீட்டுக்குப் போயிடறாங்க. மறுபடியும் ஆண்டி மட்டும்தான். இப்ப எல்லா வாளியும் ஒழுகுது. நீங்களே சொல்லுங்க, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆண்டிக்குக் கம்பிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மயிலம்மாள் வாசலிலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புள்ளி நல்லா குத்தியிருக்கீங்க," என்றார் அம்மா. "ஆண்டியைப் பாக்கணும்."

கரி அறைக் கதவைத் திறந்தார்கள். உள்ளே மூட்டைமேல் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். கரியில் உட்கார்ந்ததால் பாதி கறுப்பு, மீதி அவன் பிறப்பிலேயே கறுப்பு. கை இரண்டிலும் திராவகத் தழும்பு.

"தொட்டியில ஏதாவது கலந்தியா?"

"இல்லம்மா."

"வேற யாராவது கலந்தாங்களா?"

ஆண்டி அம்மாவைப் பார்க்கவில்லை. தொட்டி இருக்கிற பக்கம் பார்த்தான். "தெரியாதும்மா."

அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே வந்ததும் அம்மா என் காதோரம் சொன்னார்: "முதல் பதில் நிஜம். ரெண்டாவது பொய். தனக்காகப் பொய் சொல்றவ என் மூஞ்சியையே பாப்பா, நான் நம்பிட்டேனான்னு. அடுத்தவளுக்காகச் சொல்றவ வேற பக்கம் பாப்பா. ஜெயில்ல நூறு பேரைப் பாத்திருக்கேன்."

"அப்ப ஆண்டி யாரையோ காப்பாத்துறான்."

"அடேயப்பா, டீ குடிக்காமலே உனக்கு மூளை வேலை செய்யுதே."

தொட்டியைப் போய்ப் பார்த்தோம். பட்டறையின் பின்சுவரை ஒட்டி இருந்தது. உள்ளே ஈயத் தகடு அடித்த பெரிய மரத் தொட்டி. கிட்டே போனால் மூக்கு எரிந்தது. திராவகம் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. இனி வாளியே இறக்க வேண்டாம் என்று முதலாளி நிறுத்தி வைத்துவிட்டதால், பக்கத்தில் நூறு வாளி துருவோடு அடுக்கிக் கிடந்தது.

"தினமும் புதுசா ஊத்துவீங்களா?"

"ஆமா," என்றார் பரக்கத் அலி. "மூணு வருஷமா காட்டமான திராவகம்தான் வாங்கறோம். சாயந்திரம் ஓஞ்சுபோயிடும், கொட்டிடுவோம். காலையில ஆண்டி தொட்டியைக் கழுவி ஏழு மணிக்குப் புதுசு நிரப்புவான். அப்புறம் ஆளுங்க வெளிய போய் டீ குடிச்சிட்டு எட்டு மணிக்கு வாளி இறக்குவாங்க. இப்ப நோன்புங்கறதால டீ கிடையாது, வெளிய போய்க் காத்தாட நின்னுட்டு வருவாங்க."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் ஒரு செங்கல் பெயர்ந்து ஓட்டை. ஓட்டையிலிருந்து தொட்டி வரைக்கும் சுவரில் பழுப்புத் தாரை. வழியில் தொட்டியை இறுக்கிய இரும்புப் பட்டை. அந்தப் பட்டையின் மேல் பழுப்பு கன்னங்கரேல் என்று மாறியிருந்தது. அம்மா முந்தானை நுனியால் அதைத் தேய்த்தார். துணியில் நீலக் கறுப்பாகக் கறை ஏறியது.

"அய்யோ, நல்ல புடவைம்மா! இது போகாது!"

"போகாதுன்னு எப்படிச் சொல்ற?"

"மை மாதிரியில்ல இருக்கு."

"மைதான்," என்று அம்மா சொல்லிவிட்டு, பரக்கத் அலியிடம் திரும்பினார். "சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

"சந்து."

"கெட்டுப்போன வாளியெல்லாம் யார்கிட்ட இருக்கு?"

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "சீரங்கத்துல அழகியமணவாளாச்சாரி சாமிகிட்ட. ஏகாதசிக்கு வர்ற கூட்டத்துக்குத் தண்ணி எறைக்க அவர் பொறுப்பு. இன்னும் மூணு நாள். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள எழுபது நல்ல வாளி போகலைன்னா, இந்த ஊர்ல எங்கிட்ட எவனும் ஒரு சொம்பு கூட வாங்கமாட்டான்மா!"

என் குதிரை ஸ்ரீரங்கம் போகிறது என்றால் சந்தோஷமாகப் போகும். அங்கே பசுக்களுக்குப் போட்ட அகத்திக்கீரையில் வாய் வைக்கலாம் என்று அதற்கு ஒரு நப்பாசை. காவேரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபம் தாண்டி, வடக்குச் சித்திரை வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை. வீதியெங்கும் மூங்கிலும் கயிறுமாகத் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அழகியமணவாளாச்சாரியார் கொல்லையில் கிணற்றடியில் நின்றிருந்தார். அவரைச் சுற்றி வாளிகள். வாளிகளைச் சுற்றிச் சேறு.

"வாங்கோ. பாருங்கோ இந்த அநியாயத்தை! பகல்பத்து நடந்துண்டிருக்கு. இன்னும் மூணு நாள்ல பரமபத வாசல் திறக்கப் போறது. பெருமாளைச் சேவிக்க லோகமே திரண்டு வரப்போறது. அத்தனை பேர் கால் அலம்பணும், வீதியெல்லாம் புழுதி அடங்கத் தெளிக்கணும். அந்தக் கைங்கர்யத்துக்கு இப்படியா பாத்திரம் அனுப்புவா?" ஒரு வாளியை மொண்டு தூக்கினார். நாலா பக்கமும் பூவாளி மாதிரி ஊற்றியது.

"தெளிக்கறதுக்குத்தானே சாமி? இதுவே நல்லா தெளிக்குதே," என்றேன் நான்.

ஆச்சாரியார் என்னைப் பார்த்த பார்வையில் நான் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அம்மா அவரைச் சமாதானப்படுத்தி வேலையில் இறங்கினார். வாளிகள் இரண்டு குவியலாக இருந்தன. கார்த்திகையில் வந்தது எண்பது. இந்த மாதம், நோன்பு பிறந்த பிறகு செய்து வந்தது அறுபது. இறைத்தது நான். நூற்று நாற்பது வாளி! அம்மா வாளியின் அடியைப் பார்த்து, புள்ளியை எண்ணி, ஒழுகுவதை இடமும் ஒழுகாததை வலமும் வைத்தார். என் முதுகு இரண்டாகப் பிளந்துவிட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முடிவு இதுதான். இந்த மாதத்து அறுபதும் ஒழுகின. கார்த்திகை எண்பதில் பத்து ஒழுகின. பத்திலும் ஏழு புள்ளி.

"கார்த்திகை வாளிகூட சீட்டு வந்துச்சா சாமி?"

பரக்கத் அலி சீட்டு அனுப்பாமல் இருப்பாரா? ஆச்சாரியார் எடுத்து வந்தார். கார்த்திகை ஐந்தாம் தேதி முதல் பதின்மூன்று வரை செய்த வாளிகள் என்று பென்சிலில் எழுதியிருந்தது.

எங்களோடு வண்டியில் வந்திருந்த மயிலம்மாள் அதுவரைக்கும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அதைப் படித்துக் காட்டியதும் எழுந்தே விட்டாள். "என்னது? அஞ்சாந்தேதியிலேருந்தா? அப்ப அவரு ஊர்லயே இல்லையேம்மா! பச்சமலையில எங்கண்ணன் மகனுக்குக் கல்யாணம். நாலாந்தேதி போனோம், பதினாலாந்தேதிதான் வந்தோம். பஸ்சும் கிடையாது, நடந்தே மலை இறங்கி வந்தோம்!"

"பட்டறையில லீவு சொன்னாரா?"

"முதலாளிதானே வேட்டியெடுத்துக் குடுத்து அனுப்பினாரு!"

ஆக, ஆண்டி மலைமேல் பந்தியில் உட்கார்ந்து சாமைச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமையிலும் பாலக்கரையில் வாளி ஓட்டையாகியிருக்கிறது. நான் கைகொட்டிச் சிரித்துவிட்டேன். "முடிஞ்சது போங்க! திருடன் அவன் இல்லை."

"யாருன்னு தெரியாம போனா, வேற ஒருத்தனைக் கரி அறையில போடுவாங்க," என்றார் அம்மா. "ஏகாதசிக்கு வாளியும் வராது. ஏறு வண்டியில."

திரும்பும்போது மணி நாலரை. பாலத்தின்மேல் மாட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முசிறியிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்தவை. எனக்குத் தலைவலி உச்சத்தில் இருந்தது.

"வெள்ளிக்கிழமையும் நோன்பு மாசமும் என்ன நடக்குதுன்னு எல்லாரும் தேடறாங்க," என்று அம்மா தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். "தினமும் நடக்கற எதோ ஒண்ணு அந்த நாள்ல மட்டும் நடக்காம நிக்குதோ?"

"நிக்குதே! டீ நிக்குதே! இந்த ஆறு நாளா நான் படற பாடு உங்களுக்கெங்க தெரியும்? நசுருதீன் பாய் போடற டீ இருக்கே, நாக்கு அப்படியே துவர்த்துப் பிடிச்சுக்கும். நெஞ்சு வரைக்கும் துவர்ப்பு இறங்கும். ஒரு கிளாஸ் உள்ள போனா குதிரை இல்லாம நானே வண்டியை இழுப்பேன்."

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். உலுக்கின வேகத்தில் சாட்டை காவேரியில் விழுந்திருக்கும்.

"என்ன சொன்ன? துவர்ப்பா?"

"ஆமா, துவர்ப்பு. ஏன், துவர்ப்புக்கும் வரி போட்டுட்டாங்களா?"

"ஜெயில்ல ரிஜிஸ்தர் எழுத நாங்களே மை காய்ச்சுவோம். கடுக்காயை ஊறவச்சு அதுல துருப்பிடிச்ச ஆணியைப் போடுவோம். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா மை. டீயிலயும் அதே துவர்ப்புதானே? அந்த ஓட்டை வழியா பழுப்பா எதோ ஒழுகி இரும்புப் பட்டையில மையாகியிருக்கு. அந்தச் சந்துல என்ன இருக்கு ராமரு?"

அந்தச் சந்தில்தானே மூன்று வருஷமாக நின்று குடிக்கிறேன்! "நசுருதீன் பாய் கடையோட பின்பக்கம்."

"விரட்டு! நோன்பு திறக்கறதுக்குள்ள அவரைப் பிடிக்கணும்!"

"ஏன், கஞ்சி தீந்துடுமா?"

"அடேய், நோன்பு வாயில அந்த மனுஷர் பொய் சொல்ல மாட்டார். பள்ளிவாசல்ல நகரா முரசு அடிச்சு வாயில பேரீச்சம்பழம் போயிடுச்சுன்னா அப்புறம் நான் உத்தரவாதம் கிடையாது."

வாழைத்தார் வண்டிகளுக்கு நடுவே நான் புகுந்து புறப்பட்ட விதத்தைச் சொன்னால் ஜட்கா லைசென்சைப் பிடுங்கிவிடுவார்கள். மெயின்கார்டு கேட்டில் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார். அம்மா வண்டிக்குள்ளிருந்து, "என்னய்யா?" என்று ஜெயில் குரலில் ஒரு அதட்டல் போட்டார். அவர் சலாம் வைத்துவிட்டார்.

பாலக்கரை போய்ச் சேர்ந்தபோது வெயில் ஓட்டு முகட்டுக்குப் போய்விட்டது. நசுருதீன் பாய் கடையின் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த தாடி. முன்னால் தட்டில் மூன்று பேரீச்சம்பழம். எங்களைக் கண்டதும் கையிலிருந்த தஸ்பீஹ் ஜபமணி படுவேகமாக ஓட ஆரம்பித்தது.

"பாய், ஒரே கேள்வி. டீச் சக்கையை எங்க கொட்டறீங்க?"

பாயின் உதடு அசைந்தது. அல்லாவின் பெயரைச் சொல்லித் திக்ரு ஓதினார். மணிகளை உருட்டிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தார். நகரா எப்போது அடிக்கும் என்று பார்க்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

"அந்தப் பக்கம் ஆண்டி கரி அறையில கெடக்கான்," என்றார் அம்மா. "நகரா அடிச்சதும் அவனைப் போலீசுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அவன் பொண்டாட்டி இதோ நிக்கறா. நோன்போட சொல்லுங்க."

மயிலம்மாள் கடை வாசலில் நின்று அவரையே பார்த்தாள். பாயின் கையிலிருந்த மணி நின்றுவிட்டது.

"யா அல்லா! நான்தாம்மா! நான்தான் பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "மூணு வருஷத்துக்கு முன்னால சாக்கடையில சக்கையைக் கொட்டினேன்னு சுகாதார இன்ஸ்பெக்டர் அபராதம் போட்டாரு. அதுலேருந்து தினமும் காலையில ஆளுங்க டீ குடிக்கற நேரம் பாத்து அந்த ஓட்டை வழியா பட்டறையில கொட்டிடுவேன். அடுத்தவன் இடத்துல குப்பை கொட்டறது ஹராம்னு எனக்குத் தெரியாதா? தெரியும்! அதனாலதான் ஜும்மா நாள்ல மட்டும் கொட்டறதில்லை. இந்த வருஷம் நோன்பு மாசம் பூரா கொட்டறதில்லைன்னு மனசுல உறுதியா நிய்யத்து வச்சேன். ராத்திரி போடற டீயோட சக்கையெல்லாம் வீட்டுல மூட்டை கட்டி வச்சிருக்கேன். எம் பொண்சாதி ஷரபுன்னிசா கால் வைக்க இடமில்லைன்னு கத்துறா!"

"ஆண்டிக்குத் தெரியுமா?"

"அவன் டீ குடிக்க மாட்டான், கூழ்தான். ஒருநாள் தொட்டிகிட்டயே இருந்து பாத்துட்டான். வெளிய சொல்லலை. எனக்கு ஏழு புள்ளைங்கம்மா. வாளி ஓட்டையாகுதுன்னு தெரிஞ்சதும் எஞ்சக்கைதான் காரணம்னு எங்க ரெண்டு பேருக்கும் உசிரே போயிடுச்சு. அவன் பாவம், தினமும் விடியறதுக்கு முன்னால போய் என் பழைய சக்கைக் கறை ஒரு பொட்டு இல்லாம தொட்டியைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினான். அப்பவும் ஒழுகுது!"

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். இருபத்தெட்டு வருஷ ஜெயில் முகம் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அப்போது நகரா முழங்கியது.

"பழத்தைச் சாப்பிடுங்க பாய். சாப்பிட்டுட்டு ஒரு மூட்டைச் சக்கையைத் தூக்கிட்டு வாங்க."

பட்டறையில் எல்லாரும் நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நசுருதீன் பாய் மூட்டையோடு நுழைந்து, அப்துல் ரஹீம் காலடியில் அதைப் போட்டு, மூன்று வருஷத்துக் கதையையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். முதலாளி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அடப்பாவி! என் தொட்டியிலயா?"

"மன்னிச்சிடுங்க முதலாளி! இனிமே ஒரு பிடி சக்கை விழாது. நாளைக்கே அந்த ஓட்டையைச் சுண்ணாம்பு வச்சு நானே அடைச்சிடறேன். இது சத்தியம்!"

"சத்தியம் பண்ணாதீங்க!" என்று அம்மா போட்ட சத்தத்தில் கஞ்சிக் குடமே அதிர்ந்தது. "பாய், அந்தச் சத்தியத்தை வாபஸ் வாங்குங்க. மூணு வருஷமா இந்தப் பட்டறை வாளி ஒழுகாம இருந்ததே உங்க சக்கையாலதான்!"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பரக்கத் அலி பென்சிலை எடுத்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

"நசுருதீன் பாய் தப்பு பண்ணின நாள்லயெல்லாம் வாளி கெட்டி. வெள்ளிக்கிழமையும் நோன்புலயும் அவர் நல்லவரா இருந்தார், வாளி ஓட்டை. ஆண்டி ஊர்ல இல்லாத வெள்ளிக்கிழமையிலயும் ஓட்டைதான். சீட்டு உங்க கையெழுத்துதான் மேனேஜர், பாத்துக்குங்க."

"நம்ப முடியலையே," என்றார் பரக்கத் அலி.

"நம்ப வேண்டாம். ரெண்டு ஜாடியில திராவகம் ஊத்துங்க."

ஊற்றினார்கள். ஒரு ஜாடியில் நாலு கை சக்கையைப் போட்டுக் கலக்கினார்கள். இரண்டிலும் துருப்பிடித்த தகட்டுத் துண்டு ஒவ்வொன்று இறங்கியது. வெறும் ஜாடி சோற்றுப்பானை மாதிரி பொங்கியது. சக்கை ஜாடி ஏதோ இரண்டு குமிழி விட்டுவிட்டு அடங்கிக் கிடந்தது. அவர்கள் மஃரிப் என்கிற அந்திநேரத் தொழுகையை முடித்துவிட்டு வந்ததும் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு இரண்டையும் இடுக்கியால் எடுத்தார்கள். இரண்டிலும் துரு இல்லை. வெறும் ஜாடித் தகட்டை முதலாளி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அதில் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தது. சக்கை ஜாடித் தகட்டில் ஒரு ஓட்டையில்லை. முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"துவர்ப்பு இரும்புமேல ஒரு தோல் மாதிரி ஒட்டிக்குது," என்றார் அம்மா. "துருவை விட்டுக்குடுக்குது, இரும்பை விட்டுக்குடுக்கலை. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். மேல வேணும்னா காலேஜுல படிச்சவங்களைக் கேளுங்க."

அப்துல் ரஹீம் நசுருதீன் பாயின் இரண்டு தோளையும் பிடித்தார். "யோவ், நீ தினமும் கொட்டு! நானே அனுமதி தர்றேன். இனி அது உனக்கு ஹலால்!"

"ஜும்மா அன்னிக்குமா?" என்றார் பாய்.

"ஜும்மா அன்னிக்கு ரெண்டு பங்கு கொட்டு!"

கரி அறையைத் திறந்தார்கள். ஆண்டி வெளியே வந்ததும் முதலில் நசுருதீன் பாயைப் பார்த்தான், பிறகு மூட்டையைப் பார்த்தான். எல்லாம் அம்பலம் என்று நினைத்து அவன் முகம் செத்தே போயிற்று. "அவரை ஒண்ணும் செய்யாதீங்க முதலாளி," என்றான்.

அப்துல் ரஹீமுக்குக் கண் கலங்கிவிட்டது. கடகடவென்று நடந்ததைச் சொன்னார். ஆண்டி ஜாடித் தகடு இரண்டையும் வாங்கிப் பார்த்தான்.

"நான் உன்னைத் திருடன்னு சொன்னது தப்பு ஆண்டி. பதினாலு வருஷம் பாத்தும் நம்பாம போனது எம்புத்தி. மன்னிச்சிடு."

பட்டறை ஆட்கள் இருபது பேர் முன்னால் சொன்னார். சொன்னவரை நான் மெச்சுகிறேன். நானாக இருந்தால் ஒரு வேட்டியைக் கொடுத்து மழுப்பியிருப்பேன்.

ஆண்டி தலையைச் சொறிந்தான். "என்னைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனப்ப தெருவே நின்னு பாத்துச்சு முதலாளி. எம் பொஞ்சாதி வெளிய நிக்கறா. நீங்க இப்ப சொன்னது அவ காதுல விழுந்திருக்காது."

பரக்கத் அலி ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு நடந்தார். தெருவில் நோன்பு திறந்துவிட்டு வந்த கூட்டம். அத்தனை பேருக்கும் நடுவே மயிலம்மாள் முன்னால் நின்று, அதையே மறுபடி, குரலை உயர்த்திச் சொன்னார். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

மயிலம்மாள் காலையிலிருந்து அழாதவள். அப்போதுதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நான் சும்மா குதிரையை அதட்டினேன்.

ஆண்டி வாசலுக்கு வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"வீட்டுக்கு வாய்யா," என்றாள் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு. "காலையிலேருந்து உலை வைக்கலை."

"நீ போய் வை. சோத்தை இங்கயே கொண்டாந்துடு." அவன் கைக்கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினான். "சீரங்கத்துக்கு நாளைக்கு எழுபது வாளி போகணும். நான் இல்லாம இவங்க முக்கினா உருப்படாது."